ஈசான மூலையில் சிக்னல்

மெல்பர்னில் பதினோரு வருடமாக வீடுகளுக்கு ஆன்டெனா மாட்டுகிறேன். கூரையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். நான் ஒருமுறைகூட விழுந்ததில்லை. நான் விழுந்ததெல்லாம், "நீங்க நம்ம ஆள்தானே, ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்ற பேச்சில்தான். போதும் போதும் என்று பட்டுவிட்டேன். இப்போது அந்தப் பேச்சின் முதல் வார்த்தை காதில் விழுந்தாலே எனக்கு உச்சி சூடேறிவிடும்.

நான் போனை எடுத்ததும் யோகராணி ஆன்ட்டி அதில்தான் ஆரம்பித்தார்.

"தம்பி பழனிசாமியோ கதைக்கிறது? நீங்கள் தமிழ் ஆள் எண்டு கோவில்ல சொல்லிச்சினம். எனக்கு உங்கட கையெழுத்து ஒண்டு வேணும்."

"நான் ஆன்டெனா மாட்டறவனுங்க ஆன்ட்டி. கையெழுத்துக்குத் தாசில்தாரைத்தான் பாக்கோணும்."

"அதுதான் தம்பி. அன்ரெனா வேலை செய்யாது எண்டு எழுதி, அன்ரெனாக்காரர் ஒருத்தர் கையெழுத்து வைக்கோணுமாம். அப்பதான் சற்றலைட் குடுப்பினமாம்."

விஷயம் இதுதான். இந்த நாட்டில் மலைக்குப் பின்னாலும் பாலைவனத்து ஓரத்திலும் இருப்பவர்களுக்குச் சாதாரண ஆன்டெனாவில் டிவி கிடைக்காது. அவர்களுக்காக அரசாங்கம் அதே சேனல்களைச் சாட்டிலைட் வழியாக இலவசமாகத் தருகிறது. ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் தராது. முகவரியைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் வரைபடத்தைப் பார்த்துத் தகுதி உண்டு, இல்லை என்று சொல்லிவிடும். இல்லை என்று வந்தால், ஆன்டெனா மாட்டுகிற ஒருவர் வீட்டுக்கு வந்து அளந்து பார்த்து, இங்கே உண்மையிலேயே சிக்னல் கிடையாது என்று எழுதித் தர வேண்டும்.

"வீடு எங்கீங்க?" என்று கேட்டேன்.

"ரோவில்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெல்பர்ன் முழுவதுக்கும் டிவி அனுப்புகிற கோபுரங்கள் டாண்டனாங் மலை உச்சியில் நிற்கின்றன. ரோவிலில் பாதித் தெருக்களிலிருந்து அவை கண்ணுக்கே தெரியும். அங்கே உட்கார்ந்துகொண்டு சிக்னல் இல்லை என்பது, பவானி ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு தண்ணீர் லாரிக்கு மனுப் போடுவது மாதிரி. வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆன்ட்டி, "வரேக்க சாப்பிடாம வாங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவன். நான் குடியிருக்கிற டார்னெய்ட்டிலிருந்து ஊரைக் குறுக்கே கடந்து ஒன்றேகால் மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன்.

வீடு சரிவான தெருவில், கடைசியில் இருந்தது. பக்கத்தில் ஒரு மாடி வீடு, அதற்குப் பின்னால் பனைமர உயரத்துக்கு யூகலிப்டஸ் மரங்கள். கூரையைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. எந்தப் புண்ணியவானோ ஆன்டெனாவை வீட்டின் தென்மேற்கு மூலையில், கார் நிறுத்துகிற கொட்டகைக்கு மேலே மாட்டியிருந்தான். மலை இருப்பது வடகிழக்கில். நடுவில் மாடி வீடு, மரங்கள் எல்லாம். வேண்டுமென்றே தேடினாலும் இதைவிட மோசமான இடம் அந்தக் கூரையில் கிடைக்காது.

உள்ளே போனால் ஹாலில் பெரியவர் ஒருவர் டிவிக்கு எதிரே நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அடிலெய்டில் டெஸ்ட் மேட்ச். பக்கத்து ஸ்டூலில் போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் போனைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"ஓடி வாறான்... போட்டான்... கொஞ்சம் வெளியில. விட்டிட்டான். கீப்பர் நெஞ்சுக்கு நேர பிடிச்சான். இப்ப ஸ்லிப்பில இன்னொருத்தனைக் கொண்டுவாறாங்கள், மொத்தம் நாலு பேர்."

"ம்," என்றது போன்.

எனக்குக் கையால் ஒரு வணக்கம் வைத்துவிட்டு மறுபடி டிவிக்குத் திரும்பிவிட்டார். அவர்தான் மகேந்திரராஜா அங்கிள். போனில் இருப்பவர் சிட்னியில் டூங்கபியில் இருக்கிற கல்யாணசுந்தரம் என்று ஆன்ட்டி சொன்னார். இரண்டு பேரும் முப்பது வருடத்துக்கு முன்னால் இங்கே ஒரே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கல்யாணசுந்தரத்துக்குச் சர்க்கரை வியாதியில் நாலு வருடத்துக்கு முன் இரண்டு கண்ணும் போய்விட்டன.

"அதுக்குப் பிறகு ஒரு மட்சும் விடுறேல்லை. இவர் பாத்துச் சொல்லுவார், அவர் கேப்பார். அங்கயும் ரீவி ஓடும். ஆனா ரீவிக்காரர் கதைக்கிறது கண் தெரிஞ்சவைக்கு எண்டுவார் அவர். மகேன் சொன்னாத்தான் தனக்கு மட்ச் தெரியுமாம்."

"இப்பவும் நல்லாத்தானே ஓடுது ஆன்ட்டி? அப்புறம் எதுக்குச் சாட்டிலைட்?"

"இது இன்டர்நெட்டில ஓடுது தம்பி. அன்ரெனாவில படம் துண்டு துண்டா வருது. இன்டர்நெட்டில வடிவாத்தான் வருது, ஆனா..." ஆன்ட்டி குரலைத் தாழ்த்தினார். "மழைகாலத்திலதான் இந்த வீட்டுக்கு வந்தனாங்கள். இந்த வருச மட்சுகள் தொடங்கின நாளில இருந்து மனுசன்ர முகம் சரியில்லை. கேட்டா ஒண்டுமில்லை எண்டுறார். சாப்பாடும் குறைஞ்சு போச்சு. ரீவிதான் காரணம் எண்டு எனக்குத் தெரியும். என்ன எண்டுதான் தெரியேல்லை."

அவரே விண்ணப்பம் போட்டிருக்கிறார். மறுத்து வந்த கடிதத்தோடு தன் விண்ணப்பத்தின் நகலையும் காட்டினார். ஆன்டெனாவை வேறு இடத்தில் பொருத்த முடியாததற்கான காரணம் என்ற கட்டத்தில், நல்ல ஆங்கிலத்தில், 'கீழே முருகன் இருக்கிறார்' என்று எழுதியிருந்தது.

நான் கடிதத்தைப் பார்த்தேன், ஆன்ட்டியைப் பார்த்தேன். ஆன்ட்டி ஹாலுக்கு அந்தப் பக்கம் இருந்த அறையைக் காட்டினார். வீட்டின் வடகிழக்கு மூலை. ஈசான மூலை. அங்கே படுக்கையறையாகக் கட்டியிருந்ததைச் சாமியறையாக மாற்றியிருந்தார். நடுவில் வேல், சுற்றிலும் படங்கள், எரிகிற விளக்கு.

"முதல் வந்த அன்ரெனாக்காரனும் இந்த மூலைதான் நல்லம் எண்டான். சாமிக்கு மேல கால் வைக்க விடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். அப்ப எங்கயெண்டாலும் வைக்கிறன் எண்டு அங்க வைச்சிட்டுப் போட்டான். நீங்கள் சைவப் பிள்ளை, உங்களுக்கு விளங்கும். ஒரு கையெழுத்துத்தானே."

விளங்கியது. நானும் சாமியறைக்கு மேல் ஏறி நிற்க மாட்டேன். ஆனால் கையெழுத்து வேறு விஷயம்.

"ஆன்ட்டி, சிக்னல் இல்லைன்னாத்தான் நான் எழுத முடியும். சாமி இருக்குன்னு எழுத முடியாதுங்க. பொய்யா எழுதினா என் லைசன்ஸ் போயிரும்."

"அளந்து பாருங்கோ. சில நேரம் உண்மையாவே இல்லாமலும் இருக்கலாம்," என்றார் ஆன்ட்டி, முருகனே சிக்னலை மறைத்துக்கொடுப்பார் என்பதுபோல.

அளந்தேன். தென்மேற்கில் ஒன்றும் இல்லை. வடமேற்கில் நீளமான கம்பத்தைத் தூக்கிப் பார்த்தேன், மரங்கள் விடவில்லை. தென்கிழக்கில் மாடி வீடு. கடைசியாக ஈசான மூலையில், சுவரோடு ஏணியைச் சாய்த்து, கூரையில் கால் வைக்காமல் கம்பத்தை மட்டும் மேலே உயர்த்தினேன். கீழே நின்ற ஆன்ட்டி, "கம்பு பட்டாப் பரவாயில்லைத்தானே?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, பரவாயில்லை என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

என் கையிலிருந்த மீட்டரில் கோடு உச்சிக்கு ஏறியது. மாடி வீட்டுக்கும் மரங்களுக்கும் நடுவே ஒரு சந்து, அந்தச் சந்துக்கு நேரே மலை. மீட்டரில் சின்னத் திரை உண்டு. அதில் மேட்ச் கண்ணாடி மாதிரி தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மட்டையின் ஓரத்தில் பட்ட பந்தை ஸ்லிப்பில் நின்றவன் பாய்ந்து பிடித்தான்.

கையெழுத்துக்கு வழியில்லை என்று சொல்ல ஏணியிலிருந்து இறங்கி உள்ளே போனேன். ஆன்ட்டி சமையலறைக்குப் போய்விட்டார். ஹாலில் அங்கிள் போனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பந்தைத் துடைக்கிறான்... திரும்பி நடக்கிறான்..."

"அவன் அவுட்டாயிட்டானுங்களே அங்கிள்," என்றேன், சும்மா பேச்சுக்கு.

அங்கிள் சட்டென்று போனை எடுத்து, தன் குரல் அங்கே கேட்காதபடி செய்தார். டிவியில் பந்து வீசுகிறவன் இன்னும் நடந்துகொண்டிருந்தான். பிறகு ஓடி வந்தான். போட்டான். ஸ்லிப்பில் நின்றவன் பாய்ந்து பிடித்தான். நான் ஏணியிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றி, ஹாலுக்கு வந்து சேர்ந்த பிறகு அது அந்த வீட்டில் நடந்தது. அங்கிள் போனைத் திரும்பத் திறந்து, "அவுட்! ஸ்லிப்பில பிடிச்சிட்டான் கல்யாணம்!" என்றார். குரல்தான் சந்தோஷமாக இருந்தது.

"அப்பிடியோ!" என்றது போன்.

சாப்பாட்டு இடைவேளை வந்ததும் அங்கிள் என்னைக் கார்க் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"கண்டுட்டீங்கள், என்ன?" என்றார். "இன்டர்நெட் அரை நிமிசம் பிந்தித்தான் வருது. அவன்ர வீட்டில அன்ரெனா. முதல் நாளே, நான் 'ஓடி வாறான்' எண்டு சொல்லேக்க அவன் 'போல்ட்டடா!' எண்டு கத்திட்டான். அவன்ர ரீவியில சனம் கத்தினது கேட்டிட்டுது. நான் போன் லைன் பிழை எண்டு சொல்லிச் சமாளிச்சன். அதுக்குப் பிறகு அவன் ஒரு நாளும் முந்திச் சொல்றேல்லை. நான் சொல்ல, 'அப்பிடியோ' எண்டுறான்."

"அப்ப நல்லதுதானுங்களே?"

"அவன் நடிக்கிறான் தம்பி." அங்கிள் கொட்டகையின் கதவைப் பார்த்தபடி சொன்னார். "அவனுக்கு எல்லாம் முதலே தெரியுது. நான் பழங்கதை சொல்லுறன், அவன் எனக்காகக் கேக்கிறான். நாலு வருசம் அவனுக்கு நான் கண்ணா இருந்தன். இப்ப அவன் எனக்குப் பிச்சை போடுறான். இதைவிட அவன் போனை வைச்சிட்டாலும் பரவாயில்லை."

நான் தொழில் பேசினேன். சாட்டிலைட் கிடைத்தாலும் மேலே போய்த் திரும்பி வர அதுவும் சில விநாடி பிந்தும், ஆன்டெனா ஒன்றுதான் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் காட்டும், அதற்கு இந்த வீட்டில் ஒரே ஒரு இடம்தான் உண்டு என்றேன்.

"சற்றலைட்டும் பிந்துமோ?" என்றார். மனிதர் அதைத்தான் நம்பியிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. "சரி, விடுங்கோ. அவளிட்ட ஒண்டும் சொல்லாதேங்கோ தம்பி. நாப்பது வருசமா அவள் சாமியிட்ட எனக்காகத்தான் கும்பிடுறாள். அந்தச் சாமிக்கு மேல எனக்காக ஆளை ஏத்தச் சொல்லி நான் எந்த வாயால கேக்கிறது?"

திரும்பினால் வீட்டுக்குள் போகிற கதவருகே ஆன்ட்டி நின்றுகொண்டிருந்தார், கையில் இரண்டு கோப்பை தேநீரோடு. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. கோப்பைகளை அங்கிருந்த பெட்டியின் மேல் வைத்தார். உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். சாமான்களை வண்டியில் ஏற்ற ஆரம்பித்துவிட்டேன். கையெழுத்தும் இல்லை, வேலையும் இல்லை, சாப்பாடும் இல்லை. அப்போது ஈரத் தலையில் துண்டோடு, சேலை மாற்றிக்கொண்டு ஆன்ட்டி வாசலுக்கு வந்தார்.

"தம்பி, கோவில்ல கும்பாபிஷேகத்துக்குத் திருத்த வேலை செய்யேக்க, மூலஸ்தானத்துக்கு மேல ஆக்கள் ஏறுறவையோ இல்லையோ?"

"ஏறுவாங்க."

"எப்பிடி ஏறுறவை?"

"முன்னாடியே பாலாலயம் பண்ணிருவாங்க. சாமியைக் கலசத்துல எறக்கி வேற எடத்துல வெச்சுட்டு..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"நாங்கள் பாலஸ்தாபனம் எண்டுவம்," என்றார் ஆன்ட்டி. "ஐயரைக் கூப்பிட்டா நாள் பாக்கோணும் எண்டுவார். முருகன் என்னை அறிவார். வாங்கோ, சாமான்களை இறக்குங்கோ."

நான் பல வீட்டில் பல விதமான முன்னேற்பாடுகளைப் பார்த்திருக்கிறேன். நாயைக் கட்டுவார்கள், காரை நகர்த்துவார்கள். கூரை வேலைக்காகக் கடவுளை நகர்த்தியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். செம்பில் தண்ணீர் நிரப்பி, மாவிலைக்கு வழியில்லாமல் வெற்றிலை செருகி, மேலே தேங்காய் வைத்து, கண்ணை மூடி வேலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அந்தக் கும்பத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சமையலறைக்குப் போய், கழுவித் துடைத்த மேசையில் வைத்து விளக்கேற்றினார். வேலையும் படங்களையும் ஒவ்வொன்றாகத் தானே தூக்கி வந்தார். அங்கிள் உதவிக்கு எழுந்ததற்கு, "நீங்கள் குளிக்கேல்லை, இருங்கோ" என்று அதட்டினார். எல்லாரும் வந்து சேர்ந்ததும் மேசைக்கு முன்னால் நின்று, எனக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"ஒரு மணித்தியாலம் பொறுத்துக்கொள்ளுங்கோ அப்பனே. அவர் சிநேகிதனுக்குப் பார்வை சொல்லோணும்."

அங்கிள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டு மனிதர்கள்மேல் எனக்கு அப்போது வந்த பிரியத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. என் வாய்க்கு அதெல்லாம் வராது. "சீக்கிரம் ஏணியைப் பிடிங்க அங்கிள், வெயில் ஏறுது," என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஏறினேன். ஓடு சுட்டது. சொன்ன ஒரு மணி நேரத்துக்குள் கம்பத்தை நட்டு, கம்பியை இறக்கி, டிவியில் சொருகி, சேனல்களைத் தேடிவிட்டேன். ஆன்ட்டி சாமியறையை ஒட்டடை அடித்துக் கழுவி, கும்பத்தைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துத் தீபம் காட்டினார். வெளியே போய்க் கூரையைப் பார்த்தவர், "உதில ஏறி நிக்கிறது காலில்லைத்தானே, கம்பிதானே" என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு விழுந்தது. கத்தரிக்காய்க் குழம்பும் தேங்காய்ப்பால் சொதியும்.

தேநீர் இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியது. அங்கிள் டூங்கபிக்குப் போன் போட்டார். படம் துல்லியமாக நின்றது.

"ஓடி வாறான் கல்யாணம்... போட்டான்... முன்னுக்கு வந்து தடுத்தான்."

அடுத்த பந்து. "ஓடி வாறான்... போட்டான்... காலில பட்டுது. கேக்கிறாங்கள். இல்லையாம்."

"மகேன்," என்றது போன். "ரீவியைத் திருத்திட்டியோ?"

அங்கிள் திடுக்கிட்டார். "ஏன் கேக்கிறாய்?"

"முந்தி உன்ர குரலில ஒரு பயம் இருந்தது, இப்ப இல்லை. அப்ப எங்கட ரீவியையும் இனிப் போடலாம்தானே? முதல் நாள் நான் வாய் தவறிக் கத்தினதில இருந்து நிப்பாட்டித்தான் வைச்சிருக்கிறன். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியோணும் எண்டு. மனுசி பாவம், தன்ர நாடகம் ஒண்டும் பாக்கேலாமல் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறா."

அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினார். கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. டிவியில் பந்து வீசுகிறவன் ஓடி வர ஆரம்பித்துவிட்டான், அங்கிளுக்கு அவன் தெரியவில்லை.

"மகேன்? என்னடா, பந்து என்னாச்சு?"

நான் வாயெடுப்பதற்குள் ஆன்ட்டி சமையலறையிலிருந்து வந்து போனைக் கையில் எடுத்துக்கொண்டார். வாழ்நாளில் ஒரு மேட்ச்கூடப் பார்த்திராதவர், புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி டிவிக்குக் கிட்டப் போய் நின்றார்.

"அண்ணை, ஓங்கி அடிச்சவன். பந்து அந்தக் கரையில போய் விழுந்திட்டுது. சனம் எல்லாம் எழும்பி நிண்டு கை தட்டுது."

"நாலோ ஆறோ தங்கச்சி?"

"அது எனக்குத் தெரியாது அண்ணை," என்றார் ஆன்ட்டி. "ஆனா இப்பதான் நடந்தது."